ஐந்தாம் தலத்து மேசை

பதினாலாயிரத்து அறுநூறு ரூபாய். பிராங்க்ளின் செபஸ்தியம்மாளுக்குத் தரவேண்டிய பாக்கி அது. ஒழுகுகிற கூரைக்குத் தகரம் மாற்ற அவள் சேர்த்த சீட்டுக் காசு. அவன் பெண்சாதி மகேஸ்வரி சிறுநீரகம் கெட்டுக் கிடந்தபோது, கேட்ட அன்றைக்கே எடுத்துக் கொடுத்தாள். போன தையில் மகேஸ்வரி போய்ச் சேர்ந்தாள். காசு வரவில்லை.

இன்று பெரிய வெள்ளிக்கிழமை. பிராங்க்ளின் சாயங்காலம் திருப்பூருக்குப் பஸ் ஏறுகிறான் என்று வெங்காயப் பேட்டையில் பேச்சு. சின்ன வெங்காயத்துக்குத் தாள் நறுக்க உட்கார்ந்த செபஸ்தியம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்ணில் தண்ணீர் ஊற்றியது. வெங்காயம் நறுக்குகிறவள் அழுதால் எவர் நம்புவார்? கூடையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

ஆண்டவர் செத்த நாளில் கடன் கேட்டுப் போகிறவளை ஊர் என்ன சொல்லும்? சொல்லட்டும், கூரைக்குக் கீழே ஊரா நனைகிறது? பாதித் தெரு போனவள் திரும்பினாள். திரும்பியவள் மறுபடியும் நடந்தாள்.

தெருவில் சிலுவைப்பாதைக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. இயேசு சிலுவை சுமந்த வழியின் பதினாலு தலத்துக்குப் பதினாலு வீடு. வாசலில் மேசை போட்டு மெழுகுவத்தி ஏற்றி, சிலுவையை அந்த வீட்டு ஆள் வாங்கி அடுத்த வாசல்வரை சுமக்கவேண்டும். ஐந்தாம் தலம் பிராங்க்ளின் வீடு, அவன் அப்பன் காலத்திலிருந்தே. இந்த வருசம் கதவு சாத்தியிருந்தது.

கோயில் உபதேசியார் செழியன் அவளை மறித்தார். "யக்கா, அஞ்சாம் தலத்த ஒங்க வாசல்ல வச்சுக்கிருவமா? அவன் தெறக்க மாட்டேங்கிறான்."

"எனக்குத் தெறப்பான். கடங்காரி வந்திருக்கேன்ல."

திறந்தான். உள்ளே சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

"வாக்கா. காசுக்குத்தான வந்த?"

"பின்ன, ஒன் மூஞ்சியப் பாக்கவா வந்தேன்?"

"இருக்கு. கட்டிலு, கிரைண்டரு எல்லாம் வித்துட்டேன். ஒண்ணுக்கு மட்டும் பதில் சொல்லு. நேசிக்கிறவங்களத்தான் ஆண்டவர் சோதிப்பாருன்னு மகேசு அடக்கத்துல நீதான சொன்ன?"

"சொன்னேன். அதுக்கென்ன?"

"நத்தத்துல ஆத்தா வீட்ட விட்டுட்டு வந்து ஞானஸ்நானம் வாங்குனவ. ரெண்டு வருசம், டாக்டரு தண்ணி குடிக்கக்கூடாதுன்னு சொல்லி, நாக்கு வறண்டு செத்தா. அம்புட்டுப் பாடும் எதுக்கு? சொல்லு, இப்பவே எண்ணித் தர்றேன்."

"சோதனைதாம்லே அது..."

"சோதிச்சு மார்க்குப் போட்டாச்சா?"

"நாம பண்ணுன பாவத்துக்கு..."

"அவ என்ன பாவம் பண்ணுனா? ஒனக்குக் கஞ்சி கொடுத்ததா?"

"மேல சொகமா இருப்பாய்யா."

"அதக் கீழயே ஒரு சொம்புத் தண்ணியா கொடுத்திருக்கலாம்ல?"

செபஸ்தியம்மாளின் புருசன் லாரியில் அடிபட்டுச் செத்தபோது ஊரே வந்து இதே வார்த்தைகளைத்தான் சொன்னது. ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. மகேஸ்வரி மட்டும் எதுவும் சொல்லாமல் தினமும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கஞ்சி இறங்கியது.

பாட்டுச் சத்தம் நெருங்கிவிட்டது. செபஸ்தியம்மாள் சட்டென்று மூலையில் கிடந்த மேசையை வாசலுக்கு இழுத்தாள்.

"ஏக்கா, அத வித்தாச்சு!"

"வாங்குனவன் வந்து எடுத்துக்கிறட்டும். செத்த நேரத்துல தேஞ்சா போயிரும்?"

கூட்டம் வந்து நின்றது. சாமியார் ஐந்தாம் தலத்துக்கு உரிய சீமோன் கதையை வாசித்தார். வயக்காட்டிலிருந்து வந்துகொண்டிருந்தவனைச் சேவகர்கள் பிடித்து, அவன் தோளில் இயேசுவின் சிலுவையை வைத்த கதை. வாசித்து முடித்தபின் சிலுவையை வாங்க ஆளில்லை. செழியன் அங்குமிங்கும் பார்த்தார். செபஸ்தியம்மாள் குனிந்து தூக்கினாள். சிலுவை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்புறம் திடீரென்று கனம் குறைந்தது. பின்னால் பிராங்க்ளின்.

"ஆண்டவனுக்காக இல்லக்கா. மேசை மேல விழுந்து ஒடஞ்சா, வாங்குனவனுக்கு யாரு பதில் சொல்றது?"

"தூக்குடா பேசாம."

தார் ரோடு பாதத்தைச் சுட்டது. எத்தனை வருசமாகக் கேட்ட கதை! சீமோனுக்கு ஏன், எதற்கு என்று யாரும் சொன்னதாக இல்லையே என்பது இன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. அவன் சுமந்தான். முன்னால் போனவருக்குக் கொஞ்ச தூரம் பாரம் குறைந்தது. அவ்வளவுதான் எழுதியிருக்கிறது.

ஆறாம் வாசலில் இறக்கி வைத்தார்கள். பிராங்க்ளின் மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தான்.

"இந்தா."

"பதில் சொன்னாத்தான தருவேன்ன?"

"அக்கா, அது கோவத்துல சொன்னது. பிடி."

"எனக்குப் பதில் தெரியலைலே. அன்னைக்கும் தெரியாது. தெரிஞ்சவ மாதிரி பேசிப்புட்டேன்." அவன் கையைக் கவரோடு சேர்த்துத் தள்ளினாள். "அது ஒனக்குக் கொடுத்த காசும் இல்ல. மகேசு ஊத்துன கஞ்சிக்கு நான் கொடுத்தது."

"அப்ப கூரை?"

"ஒழுகும். எனக்குச் சட்டி இல்லையா, பானை இல்லையா? போ, பஸ்ஸுக்கு நேரமாகுது."

அவன் போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"என்னடா, நீயுமா வெங்காயம் நறுக்குன?" என்றாள் செபஸ்தியம்மாள். "இனி அந்தப் பாக்கியப் பத்தி எங்கிட்டப் பேசாத. தீந்துபோச்சு."