மாமனார் பெயரில் ஒரு மடிப்பு

ஆய்வக இயக்குநருக்கு அங்கே எல்லோரும் வைத்திருந்த பெயர் மைக். மைக்கைக் கண்டால் வாய் தானாகத் திறந்துகொள்ளும் மனிதர். புரதத்தில் ஆரம்பித்துத் தன்னில் முடிப்பார், நடுவில் யாரும் கொட்டாவி விடக்கூடாது. இப்போது அவருக்குப் புதுப் பித்து பிடித்திருந்தது. அவருடைய மாப்பிள்ளை ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்துவிட்டாராம். உலகத்தில் யாரும் இதுவரை பார்க்காத மடிப்பாம். அதற்கு மாமனார் பெயரையே வைக்கப் போகிறார்களாம். மதியம் பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள்.

இடையில் ஒரே ஒரு முட்டுக்கட்டை இருந்தது. வகைப்படுத்தும் பிரிவில் உட்கார்ந்திருக்கிறவள் பார்த்து, புதியதுதான் என்று சொல்லியாக வேண்டும்.

புரதம் என்பது நீளச் சங்கிலி. அது சுருண்டு, மடிந்து, ஒரு வடிவத்தில் வந்து நிற்கும். புதிதாக வருகிற ஒவ்வொன்றையும் பழையவற்றோடு ஒப்பிட்டு, இது எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று சொல்வது அவள் வேலை. கொண்டு வருகிற ஒவ்வொருவனுக்கும் தன் பிள்ளை தனிப்பிறவி என்று நினைப்பு. திருப்பிப் பார்த்தால் அதே மூக்கு, அதே முழி. வருஷக்கணக்காக இதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனிதர்கள் மேலேயே ஒரு இளக்காரம் வந்துவிட்டிருந்தது. அந்த வேலையும் நிரந்தரமில்லை. இந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிப்பதும் வெட்டுவதும் மைக்கின் கையில்.

காலையிலேயே மாமனாரும் மாப்பிள்ளையும் ஜோடியாக வந்து நின்றார்கள்.

"கம்ப்யூட்டர்ல போட்டாச்சும்மா, எதோடயும் ஒத்துப்போகல. நீ சும்மா பார்த்து ஒரு ஓகே சொன்னா போதும்" என்றார் மைக். "உன்னை நிரந்தரமாக்குற விஷயமும் என் மனசுல இருக்கு."

அடேயப்பா, என்ன தாராள மனசு!

அவள் வடிவத்தைத் திரையில் சுழற்றினாள். வலது கையைத் தூக்கி, கட்டைவிரலை நிமிர்த்தி, மற்ற விரல்களை மடக்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். திருகு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க அவள் வழக்கமாகச் செய்வது.

"என்ன மேடம், ஜோசியம் பாக்குறீங்களா?" என்று இளித்தார் மாப்பிள்ளை.

"ஆமா. நேரம் சரியில்ல."

சுருள்களெல்லாம் முறைப்படி வலப்பக்கம்தான் திருகியிருந்தன. ஆனால் சங்கிலி நேராக ஓடுகிற ஒரு இழை முடிந்து, சுருளாகி, அடுத்த இழைக்கு வளைந்து வருகிற இடத்தில் அவள் கை நின்றது. அந்த வளைவு வலமாக வர வேண்டும். எங்கேயாவது ஒன்று இடமாக வந்தால் அதிசயம். இதில் அத்தனையும் இடமாக வந்திருந்தது. அவளுக்குப் பார்த்தவுடன் புரிந்துவிட்டது. மாப்பிள்ளை நுண்ணோக்கியில் எடுத்த மங்கல் படம் கண்ணாடிப் பிம்பமாகப் புரண்டு கிடந்திருக்கிறது. அது தெரியாமல் இவர் அதற்குள் சுருள்களைக் கச்சிதமாகச் சொருகி வைத்திருக்கிறார். இடது காலணிக்குள் வலது காலைத் திணித்துவிட்டு, புது மாதிரிக் கால் கண்டுபிடித்தேன் என்று கிளம்பிவிட்டார் மனுஷன்.

அவள் படத்தைப் புரட்டிப் போட்டு, சங்கிலியை மறுபடி பொருத்தி, பழையவற்றோடு ஒப்பிட விட்டாள். மாமனாரும் மாப்பிள்ளையும் அதற்குள் காபி குடித்துவிட்டு வந்தார்கள். திரையில் பொருத்தம் வந்து நின்றது. அச்சு அசல். அது எந்தக் குடும்பம் என்று அவள் இரண்டு தரம் படித்தாள்.

"சார், இது உங்க மடிப்புதான்."

மைக்கின் முகம் மலர்ந்தது. "அதைத்தானே நானும் சொல்றேன்!"

"இல்ல சார். பழசு. படம் புரண்டு போயிருக்கு. சரியாத் திருப்பினா, நீங்க ஆரம்ப காலத்துல முதன்முதலா கண்டுபிடிச்சுச் சொன்னீங்களே, அந்த மடிப்பு."

அவர் திரையைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரரின் பேரப்பிள்ளையைப் பார்க்கிற பார்வை. "நானா? எது?"

அவள் கட்டுரையை எடுத்துக் காட்டினாள். கல்லூரியில் அவள் வரி வரியாக மனப்பாடம் செய்த கட்டுரை அது. அதில் அந்த வளைவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லியிருந்த அழகில் மயங்கித்தான், வேறு இடத்தில் கிடைத்த நல்ல வேலையை விட்டுவிட்டு இந்த மனிதரிடம் வந்து சேர்ந்தாள். அவர் அடித்த கூத்தையெல்லாம் பொறுத்துக்கொண்டதும் அதற்காகத்தான். என்ன இருந்தாலும் அதை எழுதியவர் அல்லவா!

"ஓ, இதுவா!" என்றார் மைக். "இதெல்லாம் அப்போ என்கிட்ட படிச்ச பசங்க பண்ணதும்மா. நான் பேர் மட்டும் போட்டேன். உள்ள என்ன இருக்குன்னு யாருக்கு ஞாபகம்?"

வெட்கமே இல்லாமல் சொன்னார். அவளுக்குத்தான் வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் எல்லோரையும் இளக்காரமாகப் பார்த்த அதே கண்தான் இந்த ஒரு மனிதரிடம் ஏமாந்திருக்கிறது. இனி இளக்காரமாகப் பார்க்க வேண்டிய முதல் ஆள் தான்தான் என்று நினைத்தாள்.

"சரி விடு. பத்திரிகைக்காரங்க போனப்புறம் திருத்திக்கலாம். இப்ப புதுசுன்னு போடு" என்றார் மைக்.

அவள் பழையது என்று போட்டாள். அந்தக் குடும்பத்தின் கடைசியில் மாப்பிள்ளையின் புரதம் போய் அடக்கமாக உட்கார்ந்துகொண்டது.

மைக்கின் குரல் மாறியது. "யோசிச்சுத்தான் பண்றியா? மாசக் கடைசிக்கு அப்புறம் உன் வேலையை யார் பார்ப்பாங்கன்னு தெரியுமில்ல?"

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பசங்க யாராவது கிடைப்பாங்க சார். பேர் மட்டும் நீங்க போட்டுக்கங்க."