கதவில் ஒட்டிய நோட்டீஸ்

என் கணவர் சில்வெஸ்டர் டைபாயிடில் போய் நாற்பது நாள் ஆகியிருந்தது. அடக்கத்துக்கு டிரங்குப் பெட்டியோடு வந்த அவர் தம்பி சிரில் இன்னும் கிளம்பவில்லை. தினமும் காலையில் அவர் ரேசரிலேயே சவரம் செய்துகொண்டு, அவர் கோட்டை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போவான். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்கூடச் சரியாக வரவில்லை. இவன் போய், வீடு எனக்கென்று மிஞ்சினால் போதும் என்றிருந்தது. விதவையும் கல்யாணமாகாத கொழுந்தனும் ஒரே வீட்டில் இருந்தால், பிரேசர் டவுனில் ஞாயிறு பூசை முடிந்து பேச வேறு விஷயம் எதற்கு?

இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். பார்க்கலாம் அண்ணி என்றான், இரண்டு தடவையும்.

வீட்டுக்காரரின் குமாஸ்தா சேஷகிரியிடம் போனேன். அவர் அலமாரியிலிருந்து வாடகைச் சீட்டை எடுத்தார். சில்வெஸ்டர் என்று ஒரே பெயர். ஐந்து வருஷத்துக்கு முன் அதை எழுதியபோது, மனைவி பெயரையும் சேர்க்கட்டுமா என்று இதே மனிதர்தான் கேட்டார். புதிதாகக் குடிவந்த வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த கோயில் சாமியார் வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். "ஒரு பேரு போதும், சீக்கிரம் முடிங்க" என்று அவசரப்படுத்தியவள் நான். சீட்டைப் பார்த்ததும் அது எனக்கு ஞாபகம் வந்தது; வந்தும் ஒன்றும் உறைக்கவில்லை.

சீட்டில் பெயர் இல்லாதவரைக் காலி செய்யச் சொல்லலாம் என்றார் சேஷகிரி. நோட்டீஸில் சிரில் பெயரை எழுதப் போனவரைத் தடுத்தேன். கதவில் ஒட்டுகிற காகிதம். தெருவே நின்று படிக்கும். இறந்தவர் குடும்பம் சந்தி சிரிக்கக் கூடாது. பள்ளிக்கூட டீச்சர் அல்லவா, வாசகத்தை நானே சொன்னேன்: 'வாடகைச் சீட்டில் பெயர் இல்லாமல் இவ்வீட்டில் குடியிருப்பவர் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டியது.'

சனிக்கிழமை ஒட்டினார்கள். சிரில் நிதானமாகப் படித்துவிட்டு வெளியே போனான். ராத்திரி திரும்பவில்லை. மறுநாள் காலை குடித்த காபி, நாற்பது நாளில் முதல் தடவையாகக் காபியாக இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் சேஷகிரியோடு வந்து நின்றான். நேராக வீட்டுக்காரரிடமே போயிருக்கிறான். அண்ணன் இறந்துவிட்டார், பழைய சீட்டு செல்லாது, என் பெயருக்குப் புதிதாக எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறான். ஆண் பிள்ளை பெயரில் மட்டுமே சீட்டு எழுதுவது அந்த வீட்டுக்காரர் வழக்கம். உடனே சரி என்றிருக்கிறார். இதையெல்லாம் சேஷகிரி தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

சாப்பாட்டு மேஜையில் காகிதத்தை விரித்தார்கள். நல்ல மனிதர், சேஷகிரி இந்தத் தடவையும் கேட்டார்.

"நோராம்மா பேரையும் கூடச் சேர்த்துடலாமா, சிரில்? ஆம்பிள பேரு முதல்ல இருந்தா ஓனர் ஒண்ணும் சொல்லமாட்டார்."

சிரில் என் கணவரின் பேனாவைத் திறந்தான்.

"வேணாம் சார். ஒரு பேரு போதும்."

"நான் எங்க போவேன், சிரில்?" என்று கேட்டேன். என் குரல் யாரோ பக்கத்து அறையில் பேசுவதுபோல் இருந்தது. அவன் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை நிமிரவில்லை.

கிளம்பும்போது சேஷகிரி கதவில் இருந்த நோட்டீஸைக் கிழிக்கக் கையை நீட்டினார்.

"இருக்கட்டும் சார்" என்றான் சிரில்.

அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.