அண்ணி தைத்த உள்பை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, பதிவுத் தபாலில் வந்தது. அதுவும் எனக்கு வரவில்லை, என் அண்ணிக்கு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியது நான் என்பதால் எழுதும் உரிமையை நானே எடுத்துக்கொண்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: கடிதத்தைப் படித்ததும் அவள் கண்ணீர் மல்க, தையல் மிஷின் மீது சாய்ந்து...

அண்ணி எட்டிப் பார்த்தாள். "நான் எங்க அழுதேன்? எனக்குக் கோவம்தான் வந்துச்சு. அதை எழுது."

சரி. அவளுக்குக் கோபம் வந்தது.

(நேரில் "வாங்க அண்ணி, போங்க அண்ணி"தான். கதைக்குள் நுழைந்தால் எல்லோரும் அவன், அவள்தான்.)

2

அண்ணி ஒரு ஆஸ்பத்திரியின் துணிக்கிடங்கில் தையல்காரி. பதினோரு வருஷமாக. மார்பில் அறுவை சிகிச்சை ஆன பெண்களுக்குச் சில நாள் காயத்திலிருந்து ஒரு குழாய் தொங்கும். கசியும் நீர் சேர அதன் நுனியில் சின்னப் பை இருக்கும். அதை ஊக்கு குத்திச் சட்டையில் மாட்டிக்கொண்டு நடப்பார்கள். கை பட்டால் உயிர் போகும். அண்ணி அதைப் பார்த்துவிட்டு, முன்பக்கம் திறக்கும் சட்டை ஒன்று தைத்தாள். உள்ளே அந்தப் பையை வைக்க ஒரு உள்பை, குழாய் மடங்காமலிருக்க அதன் வாயில் ஒரு மடிப்பு. அன்றிலிருந்து வார்டில் எல்லோருக்கும் அந்தச் சட்டைதான்.

கடிதம் எழுதிய கம்பெனி சொன்னது: அந்த மடிப்பு வைத்த உள்பைக்கு நாங்கள் காப்புரிமை வாங்கியிருக்கிறோம். தைப்பதை உடனே நிறுத்தவும்.

3

நாங்கள் போய்ப் பார்த்த வக்கீலம்மா காப்புரிமை வழக்கு மட்டுமே பார்ப்பவர். கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"இந்தக் காப்புரிமையை இவங்களுக்குக் கொடுத்திருக்கவே கூடாது. ஆனா கொடுத்தாச்சு. தப்புன்னு காட்டற வேலை இப்ப நம்ம தலையில."

"நான்தான் முதல்ல தச்சேன்னு வார்டுல யாரைக் கேட்டாலும் சொல்வாங்களே."

"வெறும் ஞாபகம்னு தள்ளிடுவாங்க. அவங்க மனு போட்ட தேதிக்கு முன்னாடி அச்சுல வந்த ஏதாவது வேணும். யார் வேணும்னாலும் பாக்கற இடத்துல இருந்திருக்கணும்."

[இங்கே ஒரு நீண்ட கட்டுரை இருந்தது. வெட்டிவிட்டேன். அதன் சாரம்: உரிமை வழங்கிய அதிகாரி பழைய காப்புரிமைகளுக்குள் தேடியிருப்பார், துணிக்கிடங்குக்குள் யார் வந்து தேடுவார்கள்? எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை எவரும் எழுதி வைப்பதில்லை.]

துணியில் தேதி கிடையாது. கிடங்குப் பதிவேட்டில் "மேல்சட்டை" என்று மட்டும் இருந்தது.

4

இந்த இடத்தில் ஒரு பெரிய டாக்டரைக் கொண்டுவந்து காப்பாற்றலாம் என்று நினைத்தேன். எனக்கே நம்பிக்கை வராததால் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். உண்மையில் காப்பாற்ற வந்தவர் ஒரு பஸ் டிரைவர். அந்த வார்டில் சிகிச்சைக்குப் படுத்திருந்த பெண். விஷயம் கேள்விப்பட்டு போன் செய்தார்.

"அக்கா, அதை நான் படம் வரைஞ்சு எங்க சங்கப் பத்திரிகைல போட்டேனே. வேற யாருக்காவது தேவைப்பட்டா தச்சுக்கட்டும்னு."

"எப்ப?"

"குணமாகி முதல்ல வண்டி எடுத்த மாசம்."

மூன்று பேரும் நூலகத்துக்கு ஓடினோம். அண்ணிக்குச் செருப்பு வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். டிரைவர் ஒரு இதழைப் பிரித்து, தாண்டிப் போய், திரும்பி வந்தார். இருபத்திரண்டாம் பக்கம். சட்டை, உள்பை, ஒரு அம்புக்குறி, பக்கத்தில் "இங்கே மடித்துத் தைக்கவும்". மேலே நூலகத்தின் வரவு முத்திரை. கம்பெனி மனு போட்டதற்கு ஏழு மாதம் முன்பு.

அண்ணி அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள், எழுந்து ஓடிவிடும் என்பதுபோல. சிரிக்காதீர்கள் என்று நூலகர் வந்து சொன்ன பிறகுதான் நாங்கள் சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

5

காப்புரிமையை ரத்து செய்யச் சொல்லி மனு போட்டோம். கம்பெனியிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது, இம்முறை பூப்போல. அண்ணி ஆயுள் முழுக்கத் தைக்கலாம், தடையில்லை. மனுவை மட்டும் திரும்பப் பெற வேண்டும்.

அண்ணி கையெழுத்துப் போட்டாள். சுபம்... என்று எழுதியே விட்டேன்.

அண்ணி வக்கீலம்மாவிடம் கேட்டாள். "மத்த ஆஸ்பத்திரில தைக்கிறவங்க?"

"அவங்களுக்கு இந்தக் கடிதம் செல்லாது. காப்புரிமை அப்படியே நிக்கும்."

"அப்ப வேணாம்."

நூலைப் பல்லால் கடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"நல்லா யோசிச்சுக்கோங்க. இழுத்தடிப்பாங்க. தோத்தா நீங்களும் தைக்க முடியாது."

"யோசிச்சுட்டேன்மா."

6

விசாரணை முடிந்துவிட்டது. தீர்ப்பு வரவில்லை. என்னிடம் இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன. ஒன்றில் ஜெயிக்கிறோம், மற்றதில் மேல்முறையீடு. இரண்டையும் அண்ணி தள்ளிவிட்டாள்.

"வராத தீர்ப்பை நீ எப்படி எழுதுவ? இதை எழுது." மேஜையில் ஒரு புதுச் சட்டையை விரித்தாள். போன வாரம் ஒருத்தி, ஒருக்களித்துப் படுத்தால் பை அழுத்துகிறது என்றாளாம். "அளவோட எழுது. எவனாவது இதுக்கும் மனு போடறதுக்குள்ள அச்சுல வந்துடணும்."

எழுதுகிறேன். சட்டையின் உள்ளே, இடுப்பைச் சுற்றி மூன்று விரல் அகலப் பட்டி. பட்டியில் நான்கு விரலுக்கு ஒரு பொத்தான். உள்பை தனித்துண்டு; அதன் மேல் விளிம்பில், அதே இடைவெளியில் பொத்தான் நுழைய இரண்டு காஜா. எந்தப் பக்கம் படுக்கிறாளோ, அதற்கு எதிர்ப்பக்கம் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். சட்டையைக் கழற்ற வேண்டாம்.

"கதைல வந்தா செல்லுமா?" என்று வக்கீலம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"அச்சுல வந்தா வந்ததுதான். படிக்கிறவங்களுக்குத் தைக்கத் தெரியணும், அவ்வளவுதான்."

ஆகவே, மேலே உள்ள அளவுகளை இன்னொரு தடவை படியுங்கள். புரியவில்லையென்றால் கதை என்னுடைய தோல்வி. புரிந்துவிட்டதா? கத்தரிக்கோலை எடுங்கள்.