காற்றில் நின்ற பிக்கப்

ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் இராஜரட்ணம் குடியிருந்த மாடிக் கட்டடத்தில் அவருடைய பிக்கப்பைத் தெரியாதவர் இல்லை. கருநீலப் பூச்சு, பின்பெட்டி முழுக்க வார்னிஷ் அடித்த பலகை, நிலத்தோடு ஒட்டிய உடம்பு. தொழிற்சாலையில் வெல்டிங் வேலை செய்த அவர், பிள்ளைகள் இல்லாத வீட்டின் ஓய்வு நாட்களையெல்லாம் அந்த வண்டிக்குக் கொடுத்தார். வண்டி தாழ்ந்து நின்றால்தான் எடுப்பு என்று தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு முன் ஸ்பிறிங்குகளைத் தன் கையாலேயே வெட்டிக் குறுக்கினார். பின்பக்க வில்லுத்தகடுகளில் பாதியைக் கழற்றினார். அதற்குப் பிறகு வண்டி பார்க்க அழகு, ஏறியிருந்தால் இடுப்பு நாரி முறியும். மனைவி மங்கையற்கரசி தலையணை ஒன்றோடுதான் அதில் ஏறுவாள். உதிலை போறதுக்கு நடந்தே போகலாம் என்று சிரிப்பாள்.

தொண்ணூற்றாறு வைகாசியில், அவளுடைய மார்பில் வெட்டி எடுத்த புற்றுநோய் முள்ளந்தண்டுக்குப் போய்விட்டது என்று டொக்டர் சொன்னார். கதிர்ச் சிகிச்சைக்குக் கிழமைக்கு மூன்று நாள் போக வேண்டியிருந்தது. இராஜரட்ணம் அவளைத் தூக்கி வண்டியில் இருத்துவார். குனிந்து காரில் ஏற அவளால் முடியாது, உயரமான வான் வண்டியில் கால் தூக்கி வைக்கவும் முடியாது. வீதியின் ஒவ்வொரு வெடிப்பிலும் அவள் சால்வை நுனியைப் பல்லால் கடித்துக்கொள்வாள். ஒரு நாள் ரயில் தண்டவாளத்தைக் கடக்கும்போது கத்திவிட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் கத்தி இராஜரட்ணம் கேட்டதில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

அன்று பின்னேரமே அர்ஷாத்தின் கராஜுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். அர்ஷாத் யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்தவன். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கம் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது வெளியேறி, கடைசியில் ஸ்காபரோவில் வந்து கராஜ் போட்டவன். உதை வித்துப்போட்டு வேறை ஏதாவது பாருங்கோ என்றுதான் அவனும் முதலில் சொன்னான்.

"ஸ்பிறிங்கை வெட்டினது நான், தம்பி," என்றார் இராஜரட்ணம். "நான்தான் திருத்தவேணும்."

அர்ஷாத் கொஞ்ச நேரம் வண்டிக்குக் கீழே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு காற்றுப் பைகளைப் பற்றிச் சொன்னான். ஸ்பிறிங் இருக்கிற இடத்தில் தடித்த ரப்பர்ப் பைகளை வைத்து, கொம்பிரசர் ஒன்று காற்றுத் தொட்டியான ராங்கியில் சேர்க்கிற காற்றால் நிரப்பினால் வண்டி காற்றின் மேல் நிற்கும். சுவிச்சைத் தட்டிக் காற்றை விட்டால் சக்கர நாற்காலியின் உயரத்துக்குத் தாழும். மங்கையற்கரசி நகர்ந்து இருக்கைக்கு மாறலாம். திரும்ப நிரப்பினால் எழும்பும்.

"பூட்டுறது பெரிய வேலை இல்லை, அண்ணை. பாக்கிறதுதான் வேலை. காத்தோடை ஈரமும் உள்ளுக்கை வந்து ராங்கியிலை தண்ணியாய்த் தேங்கும். கிழமைக்கொருக்கால் திறந்து விடவேணும். பனிக்காலத்திலை மறந்தியளெண்டா வால்வ் உறைஞ்சு போம்."

நாலு ஞாயிற்றுக்கிழமை இருவரும் மல்லுக்கட்டினார்கள். பையைப் பிடிக்க இராஜரட்ணம் வெல்ட் பண்ணிய முதல் இரும்புத் தகடு ரயருக்குக் கிட்டப் போய்விட்டது. சக்கரம் உருள, பையில் உரசியது. அரிந்தெடுத்து மறுபடி ஒட்டினார். கடைசி நாள் அர்ஷாத் சவர்க்காரத் தண்ணீரில் பிரஷைத் தோய்த்துக் குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் பூசினான். நுரை பொங்கிய இரண்டு மூட்டுகளைக் கழற்றித் திரும்ப இறுக்கினார்கள். வண்டியை இரவு முழுக்க விட்டுப் பார்த்தார்கள். காலையில் அரை அங்குலம்கூட இறங்கியிருக்கவில்லை.

அடுத்த சிகிச்சைக்குப் போகும்போது தண்டவாளம் வந்தது. இராஜரட்ணம் மூச்சை அடக்கிக்கொண்டார். வண்டி ஒருதரம் மெல்ல அசைந்து தாண்டியது. மங்கையற்கரசி கண்ணைத் திறந்தாள்.

"உந்த றோட்டைத் திருத்திப் போட்டாங்களோ?"

"ஓம்," என்றார் அவர். வண்டியைத்தான் திருத்தினேன் என்று சொன்னால், முந்திய நோவெல்லாம் யாரால் என்பதையும் சொல்ல வேண்டிவரும். பிறகு அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். சுவிச்சை நான்தான் தட்டுவேன் என்று அடம்பிடித்தாள். அந்த இலையுதிர் காலத்தில் ஏரிக்கரைக்கு ஆறேழு தடவை போனார்கள்.

கார்த்திகையில் அவளுடைய தங்கை ரதி விட்பியில் புது வீடு வாங்கினாள். அக்கா வந்தால்தான் பால் காய்ச்சுவேன் என்று பிடிவாதமாக நின்றாள். தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றுக்கு நாள் குறித்தார்கள். மங்கையற்கரசி அந்த நாளை விரலில் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மார்கழியில் நோ கூடியது. அவள் கண்ணயர்கிற நேரங்களில் இராஜரட்ணமும் கதிரையில் சாய்ந்தபடி அயர்ந்துபோவார். மூன்று ஞாயிறுகள் அப்படியே போயின. ராங்கியைத் திறந்துவிட வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை.

குறித்த நாள் காலையில் குளிர் மைனஸ் இருபத்துநாலுக்கு இறங்கியிருந்தது. அவள் அரக்குக் கூறைச்சேலைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒன்பது மணிக்கே கீழே லொபியில் சக்கர நாற்காலியில் வந்து இருந்தாள். இராஜரட்ணம் சுவிச்சைத் தட்டினார். கொம்பிரசர் இரைந்தது. முன்பக்கம் எழும்பியது. பின்பக்கம் படுத்தபடி கிடந்தது. வால்வ் உறைந்துவிட்டது என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

வயரை இழுத்துத் தலைமயிர் காயவைக்கிற மெசினைப் பிடித்துப் பார்த்தார். கேத்தல் கேத்தலாகச் சுடுதண்ணீர் ஊற்றினார். ஊற்றிய தண்ணீர் பனிக்கட்டியாகி வால்வை மூடியது. பனியில் மல்லாந்து கிடந்து, கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் உள்ளங்கையால் பொத்திப் பிடித்தார். பதினொரு மணிக்கு வந்த அர்ஷாத் பார்த்துவிட்டு, சூடான கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனால்தான் இது இளகும், பின்னேரம் ஆகும் என்றான். ராங்கியைத் திறந்தீர்களா என்று அவன் கேட்கவில்லை.

மத்தியானம் மங்கையற்கரசி யாரையோ கொண்டு லொபிக் கதவைத் திறப்பித்தாள்.

"போதும், வாங்கோ. கை விறைச்சுப் போச்சு. அடுத்த கிழமை போவம்."

அடுத்த கிழமை வரவில்லை. புதன்கிழமை காய்ச்சல் கண்டது. அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். திங்கட்கிழமை விடியும்போது அவள் போய்விட்டாள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும்வரை ரதி அவரோடேயே நின்றாள். பிறகு அவளை விட்பிக்குக் கொண்டுபோய் விட அவரே புறப்பட்டார். அர்ஷாத் வண்டியைத் திருத்திக் கொடுத்திருந்தான். 401 நெடுஞ்சாலையில் வண்டி தண்ணீரில் போவதுபோலப் போனது. பாதி வழியில் இராஜரட்ணம், மூன்று கிழமை ராங்கியைத் திறக்க மறந்ததைச் சொன்னார். தன்னால்தான் அவள் அந்த வீட்டைப் பார்க்காமல் போனாள் என்றார்.

விட்பிக்கு இறங்குகிற பாதையை ரதி கையால் காட்டினாள்.

"எனக்கு அண்டைக்கு உங்களிலை கோவம், அத்தான். இண்டைக்கும் கொஞ்சம் இருக்கு." சால்வையால் முகத்தைத் துடைத்தாள். "அக்கா லொபியிலை இருந்து ஃபோன் எடுத்தவ. மனிசன் பனிக்கை கிடக்குது, பாக்கப் பொறுக்குதில்லை, நீ ஒண்டும் கேட்டுப்போடாதை எண்டு சொன்னவ. அதுதான் நான் இவ்வளவு நாளும் கேக்கேல்லை."

இராஜரட்ணம் அந்தப் பாதையில் வண்டியை இறக்கினார்.

வீட்டில் ரதியின் புருஷன் வேலைக்குப் போயிருந்தான். அக்காவால் படியேற முடியாது என்று ரதி கீழே இருந்த அறையில் கட்டில் போட்டிருந்தாள். ஜன்னல் பக்கமாகத் தலைமாடு, புது விரிப்பு, எட்டுகிற தூரத்தில் தண்ணீர்ச் செம்புக்கு ஒரு சின்ன மேசை. இராஜரட்ணம் வாசலில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கட்டில் விளிம்பில் இருந்தார். செத்தவீட்டிலும் சுடலையிலும் வராத அழுகை அங்கே வந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே கேட்குமே என்ற கூச்சமில்லாமல் அழுதார்.

ரதி கதவை மெல்லச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் அவள் அவருடைய தொழிற்சாலைக்கு ஃபோன் எடுத்து, நாளைக்கும் அவர் வரமாட்டார் என்று தெரிந்த இங்கிலிஷில் சொல்லுவது அவருக்குக் கேட்டது.