பாலத்தில் நின்றவரும் தெருவில் நடந்தவரும்

சனிக்கிழமை காலை, மலாக்காவில் புக்கிட் காத்தில் என்னும் ஊரின் சமூக மண்டபத்தின் மாடி அறையில் இருந்தவர்கள்: இலக்கிய வட்டத்தை நடத்தும் சந்திராதேவி டீச்சர்; அவருடைய தம்பி, வழக்கறிஞர் ரவீந்திரன்; ரவீந்திரனின் மகள் நிரஞ்சனி; பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படிக்கும் புனிதா; இரவு வேலை முடிந்து, யூனிபாரம்கூட மாற்றாமல் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்த அண்ணன் தினேஸ்வரன்.

கோலாலம்பூர் பேச்சரங்கிற்கு மலாக்காவிலிருந்து ஒருவர்தான் போகலாம். நிரஞ்சனியா புனிதாவா என்று டீச்சர் அன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும். பழைய ஆங்கிலக் கவிஞர்கள் இருவர் ஒரே நகரத்தை எப்படிப் பாடினார்கள் என்பது தலைப்பு. ஒருவர் விடியற்காலையில் பாலத்தில் நின்று பார்த்து மெய்மறந்து போனார். இன்னொருவர் தெருவில் இறங்கி நடந்து, வயிறெரிந்து எழுதினார்.

வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேசியவரிடம் முதல் கேள்வியை உடன் வந்த வீட்டு ஆள்தான் கேட்க வேண்டும். எங்கே இடித்தால் வலிக்கும் என்று வீட்டு ஆளுக்குத்தான் தெரியும் என்பது டீச்சரின் கணக்கு.

நிரஞ்சனி அழகாகப் பேசினாள். எந்தக் கவிதை உனக்குப் பிடிக்கும் என்று ரவீந்திரன் கேட்டார். டீச்சர் தம்பியை ஒரு பார்வை பார்த்தார்.

பாலத்துக்காரர் பொய் சொல்கிறார் என்று எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைத்தாள் புனிதா. ஊர் தூங்கும்போது பார்த்துவிட்டு அழகு என்பவரை எப்படி நம்புவது, நடந்து பார்த்தவர்தான் உண்மை சொன்னார் என்றாள். தினேஸ்வரனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கவிதைக்கும் அவனுக்கும் தூரம். ஆனால் வாரம் முழுக்க இந்தப் பேச்சைச் சமையலறையில் கேட்டவன். ஓட்டை எங்கே என்று அவனுக்குத் தெரியும்.

சும்மா ஒன்றைக் கேட்டுவிட்டு உட்காரலாம். அப்படிச் செய்தால், கடினமான கேள்வியை இவள் தாங்கமாட்டாள் என்று அவனே சொன்ன மாதிரி ஆகிவிடும். எழுந்தான்.

“நம்ம பழைய ஊரு செலண்டார்லருந்து வீட்டு சாமான் ஏத்திக்கிட்டு இங்க குடிவந்தப்ப, விடியக்காலையில லோரி மேம்பாலத்துல நின்னுச்சு. ‘டவுன் எவ்ளோ அழகா இருக்குண்ணே’ன்னு வாயப் பொளந்தியே. அப்ப நீயும் பொய்தான் சொன்னியா?”

நிரஞ்சனி சிரித்துவிட்டாள். புனிதா அண்ணனை முறைத்தாள். வீடாக இருந்தால் கையில் கிடைத்ததை எறிந்திருப்பாள். தோற்றுவிட்டாள், தானே தோற்கடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தான்.

“பொய் இல்லண்ணே,” என்றாள் கடைசியில். “அப்ப இங்க எனக்கு ஒரு ஆளைக்கூடத் தெரியாது. தெரியாத ஊரு அழகாத்தான் இருக்கும். இப்ப கீழ்வீட்டு சுசீலாக்கா எதுக்கு அழுவுறாங்கன்னு தெரியும். நீ பகல்ல தூக்கம் வராம பொரள்றது தெரியும். இப்பப் போயி அதே எடத்துல நின்னா, வெறும் அழகு மட்டும் தெரியாது லா.”

அப்படியானால் முதலில் சொன்னது என்னவாயிற்று என்று டீச்சர் கேட்டார்.

“அது தப்பு டீச்சர். ரெண்டு பேருமே உண்மைதான் சொல்லியிருக்காங்க. பாலத்துல நின்னவரு இன்னும் யாரு வீட்டுக் கதவையும் தட்டல, அவ்ளோதான்.”

முதலில் கை தட்டியது ரவீந்திரன்தான். டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிரஞ்சனியை அப்பாவோடு போகச் சொல்லிவிட்டு, தன் யாழ்ப்பாணத் தமிழில் புனிதாவிடம் சொன்னார்.

“நீர் இரும் பிள்ளை. இண்டைக்கே பயிற்சி தொடங்க வேணும்.”

பயிற்சியின்போது யாரும் எட்டிப் பார்ப்பது டீச்சருக்கு ஆகாது. வெளியே காத்திருக்கவா என்று தினேஸ்வரன் கேட்டான். வேண்டாம் தம்பி, நீர் போய்ப் படுத்துத் தூங்கும், நானே இவளைக் காரில் கொண்டுவந்து விடுவேன் என்றார்.

புனிதா இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருந்தாள். முறைக்கட்டும். கோலாலம்பூரில் எவன் என்ன கேட்டாலும் இதைவிட மோசமாகக் கேட்டுவிட முடியாது. கசங்கிய காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி வெளியே நடந்தான். டீச்சர் அவன் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.