சத்தம் போடாத இழுப்பறை

பஸ் ஓட்டுநருக்குப் பழைய மரப் பீரோவோடு தீராத பகை. சர்க்கரையைத் தொடக்கூடாது என்று நர்ஸ் மனைவி உத்தரவு போட்டதிலிருந்து அவர் பிஸ்கட்டை அதன் இழுப்பறையில்தான் பதுக்கி வந்தார். லேசாக இழுத்தாலே போதும், அது ஊரைக் கூட்டிவிடும்.

அதனால்தான் கடையில் அந்த ஸ்காண்டிநேவிய பாணிப் பெட்டியைக் கண்டதும் மனிதர் சொக்கிப்போனார். வெளிர் மரத்தில் மூன்று இழுப்பறைகள். பூவேலை இல்லை, கைப்பிடிகூட இல்லை. முகப்பை விரலால் அழுத்தினால் மூச்சுக் காட்டாமல் திறந்தது.

"இதையே எடுத்துடலாம். எவ்வளவு எளிமையா இருக்கு பாரு."

"உங்களுக்கு எப்போலேருந்து எளிமை மேல ஆசை?" என்றாலும் மனைவி சம்மதித்தாள்.

பெட்டி வந்த அன்றே மேல் இழுப்பறையில், பனியன்களின் மேல் பிஸ்கட் குடியேறியது. இழுப்பறையை மூடிய கையோடு திரும்பினால், வாசலில் மனைவி. ஒன்றும் தெரியாதவர் போலப் பெட்டியில் சாய்ந்து நின்று சிரித்தார். நிமிர்ந்ததும் இழுப்பறை அவருக்குப் பின்னால் நிதானமாக வெளியே வந்தது.

மனைவி பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள்.

"எளிமைதான் பிடிக்கும்னீங்களே. இன்னையிலேருந்து சாப்பாடும் எளிமையாவே இருக்கட்டும்."