சூடோ தர ஏலாது

கொக்குவட்டை வாய்க்கால் விவசாயச் சங்கத்தில் கணினிக்குப் பொறுப்பாக இருந்தவள் ஸுஹைறா ஒருத்திதான். நற்பிட்டிமுனையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். விண்டோஸ் இழுக்காமல் மூலையில் கிடந்த பழைய கணினியில் லினக்ஸ் போட்டு எழுப்பியவள் அவள்தான். எந்த வயற்கண்டத்துக்கு எந்த நாள் தண்ணீர் என்ற முறைப்பட்டியலை அதில் ஏற்றியவளும் அவள்தான். பட்டியலைச் சங்கத்தில் யாரும் திறந்து பார்க்கலாம். மாற்றுவதற்கு மட்டும் நிர்வாகி அதிகாரம் வேண்டும். அது அவளிடம் மட்டுமே இருந்தது. கூட்டத்தில் முடிவெடுத்துப் புத்தகத்தில் எழுதினால்தான் அவளும் கை வைப்பாள்.

அந்தச் சிறுபோகம் மழை ஏமாற்றிவிட்டது. குளம் வற்ற வற்ற ஆளுக்காள் சந்தேகமும் கூடியது. அப்போதுதான் தலைவர் மீராசா ஹாஜியார் தன் தங்கையின் மகன் பர்ஸானை அலுவலகத்துக்குக் கூட்டிவந்தார். கட்டாரில் கணினி வேலை பார்த்துவிட்டு வந்தவன்.

“தங்கச்சி, என்னையும் சூடோவில சேருங்க,” என்றான் இரண்டாம் நாளே. “பிரிண்டர் நிண்டா உங்களுக்குக் கோல் எடுத்துக் காத்திரிக்க ஏலாதே.”

கட்டளைக்கு முன்னால் சூடோ என்று சேர்த்து எழுதினால், சாதாரண ஆளும் அந்த நேரத்துக்கு நிர்வாகியாகிவிடலாம். ஆனால் யாருக்கு, எந்தக் கட்டளைக்கு அந்த அனுமதி என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். ஸுஹைறா அந்தக் கோப்பைத் திறந்து பர்ஸானின் பேருக்கு ஒரேயொரு வரி எழுதினாள். நின்றுபோன அச்சுச் சேவையை அவன் திரும்பத் தொடக்கலாம். வேறொன்றும் செய்ய முடியாது.

அவன் முகம் கறுத்துப்போனது. “என்ன இது? முழுசாத் தாங்க. நான் என்ன கள்ளனா?”

“கள்ளன் எண்டு நான் சொல்லல்ல காக்கா,” என்று அண்ணன் முறை வைத்தே சொன்னாள். “நீங்க கேட்டது பிரிண்டருக்கு. அதத் தந்திட்டன்.”

பின்னேரம் ஹாஜியார் கூப்பிட்டார். “மகள், பர்ஸானுக்கு எல்லா அதிகாரமும் குடுங்க. நான் சொல்றன்.”

“கடிதத்தில எழுதிக் கையெழுத்து வெச்சுத் தாங்க ஹாஜியார். கூட்டத்தில வாசிச்சுப்போட்டுக் குடுக்கிறன்.”

அவர் கடிதம் எழுதவில்லை. அவளும் கொடுக்கவில்லை.

அந்தக் கிழமை லாத்தாவுக்கு, அவளுடைய அக்காவுக்கு, குழந்தை கிடைத்தது. ஸுஹைறா மூன்று நாள் ஆஸ்பத்திரியில் நின்றாள். திரும்பி வந்து கணினியின் பதிவேட்டைப் பார்த்தவள் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அனுமதியில்லாத கட்டளையை யாராவது சூடோ போட்டு முயன்றால், ஆள், நேரம், கட்டளை மூன்றையும் லினக்ஸ் எழுதிவைத்துவிடும். பர்ஸானின் பேரில் இருபத்தேழு வரிகள் கிடந்தன. இரண்டு வரிகளில், தன்னை நிர்வாகிகளின் குழுவில் சேர்க்கப் பார்த்திருந்தான். மிச்சம் எல்லாம் ஒரே கோப்பைத் திருத்தப் பார்த்தவை. அடிக்கண்டத்துத் தண்ணீர் முறை. வாய்க்காலின் கடைசியில், தண்ணீர் எப்போதும் பிந்தி வந்து சேருகிற வயல்கள் அவை. ஹாஜியாரின் இருபது ஏக்கர் வாய்க்கால் தொடங்குகிற தலைப்பில் இருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது பயம்தான். வாப்பா வேளாண்மை செய்கிற மூன்று ஏக்கரும் ஹாஜியாரிடம் குத்தகைக்கு எடுத்தது. வீட்டுக்குப் போய் வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“நீ குடுத்திட்டா காணிய எடுக்கமாட்டார் எண்டு நினைக்கிறியா?”

“தெரியா வாப்பா.”

“எடுக்க நினைச்சா எப்படியும் எடுப்பார். நீ உன்ட வேலையப் பாரு.”

சனிக்கிழமை காலை கூட்டம். அங்கத்தவர்கள் இருபத்தொரு பேர் வந்திருந்தார்கள். ஹாஜியார் ஸலாம் சொல்லி முடித்ததும் நேரே விஷயத்துக்கு வந்தார்.

“சங்கத்திட கணினி ஒரு பொம்புளப் புள்ளட கைக்குள்ள கிடக்கு. நாளைக்கு இவ கலியாணம் முடிச்சுப் போனா நாம என்ன செய்யிற? பாஸ்வேர்ட இப்பவே பர்ஸானுட்டக் குடுக்கட்டும்.”

சிலர் தலையாட்டினார்கள். ஸுஹைறா எழும்பி நின்றாள்.

“ஹாஜியார் கேட்டதில ஒரு ஞாயம் இரிக்கு. ஒரு ஆளிட கையில மட்டும் இரிக்கிறது பிழைதான். எனக்கு ஏதும் நடந்தா எடுக்கிறதுக்கு, பாஸ்வேர்ட எழுதிக் கவர்ல ஒட்டிச் செயலாளர்ட பெட்டிக்குள்ள வைக்கிறன். ஆனா பர்ஸான் காக்காக்குக் குடுக்க மாட்டன்.”

“ஏன்?” என்று பர்ஸான் பாய்ந்தான்.

“இதுக்குத்தான்.” அச்செடுத்த மூன்று தாள்களை மேசையில் வைத்தாள். “நான் இல்லாத மூணு நாளும் இவர் என்ன செய்யப் பாத்தார் எண்டு கணினியே எழுதி வெச்சிரிக்கு. திகதி, நேரம் எல்லாம் இரிக்கு.”

அடிக்கண்டத்துக் கந்தப்போடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை எடுத்தார். அவருடைய பயிர் அப்போது கதிர் தள்ளத் தண்ணீர் கேட்கிற குடலைப் பருவம். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார்.

“இதில எங்கட கண்டத்திட பேர்தானே கிடக்கு. பிரிண்டருக்கும் எங்கட தண்ணிக்கும் என்ன தம்பி?”

“சும்மா திறந்து பாத்தன்,” என்றான் பர்ஸான்.

“பாக்கிறதுக்குச் சூடோ தேவையில்ல,” என்றாள் ஸுஹைறா. “எல்லாருக்கும் பாக்கலாம்.”

ஹாஜியார் மேசையில் அடித்தார். “போதும் புள்ள! பாஸ்வேர்டத் தாறியா, வேலைய விட்டுப் போறியா?”

“உங்க ஒராளுக்குத் தரமாட்டன். கூட்டம் கை உயர்த்தட்டும். குடு எண்டு சொன்னா, புத்தகத்தில எழுதிப்போட்டு இப்பவே குடுக்கிறன்.”

கை உயர்த்தக் கேட்டார்கள். கொடுக்கச் சொல்லி ஒன்பது கை. வேண்டாம் என்று பதினொன்று. ஹாஜியார் கை உயர்த்தவில்லை. தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பர்ஸானும் பின்னால் போனான். ஸுஹைறா பாஸ்வேர்டை எழுதிக் கவரில் ஒட்டினாள். ஒட்டின இடத்தில் செயலாளரும் கந்தப்போடியும் கையெழுத்து வைத்தார்கள்.

புதன்கிழமை, பட்டியலில் இருந்தபடியே, அடிக்கண்டத்துக்குத் தண்ணீர் போனது.

வெள்ளி ஜும்ஆ முடிந்து ஹாஜியாரின் ஆள் ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். மகள் வந்து மன்னிப்புக் கேட்டால் காணி இருக்கும், இல்லாவிட்டால் பெரும்போகத்துக்கு வேறு ஆளாம். வாப்பா உள்ளே திரும்பி ஸுஹைறாவைப் பார்த்தார். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

“வேற ஆளைப் பாக்கச் சொல்லுங்க,” என்றார் வாப்பா.

காணி போனது. பெரும்போகத்துக்கு மாவடிப்பள்ளியில் ஒன்றரை ஏக்கர்தான் கிடைத்தது. மண்ணும் அவ்வளவு நல்லதில்லை. உம்மா இரண்டு நாள் யாரோடும் கதைக்கவில்லை.

திங்கள் காலை ஸுஹைறா அலுவலகத்துக்குப் போனபோது ஹாஜியார் தன் கதிரையில் இருந்தார்.

“மன்னிப்புக் கேக்க வந்தியா?”

“இல்ல ஹாஜியார். வேலைக்கு வந்தன்.”

அவள் கணினியை இயக்கினாள். ஹாஜியார் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.